செந்தூலில் ஒரு டயாலிசிஸ் நிலையம்: ஓராண்டு அனுபவம்

சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்த என் தாயாரை, வாரம் மூன்று முறை, கோலாலம்பூரின் செந்தூலில் உள்ள ஒரு டயாலிசிஸ் (இயந்திரத்தின் வழியே இரத்தத்தைச் சுத்திகரிக்கும் சிகிச்சை) நிலையத்துக்கு அழைத்துச் சென்று வருகிறேன். ஓராண்டு ஆகிவிட்டது. இடம் தேடும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் பாராட்ட வேண்டியது, அங்குள்ள எடைப்பொறியை அவர்கள் பயன்படுத்தும் விதத்தை. சிறுநீர் பிரியாத உடலில் குடித்த நீர் தங்கிவிடுவதால், இரண்டு சிகிச்சைகளுக்கு இடையே கூடும் எடை பெரும்பாலும் நீர்தான். அதை இயந்திரத்தின் வழியே எடுத்து, மருத்துவர் குறித்துக் கொடுத்த ‘உலர் எடை’க்கு உடலைக் கொண்டுவர வேண்டும். முன்பு சென்ற வேறொரு நிலையத்தில் கூடியது முழுவதையும் நான்கு மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டதால், அம்மாவுக்கு இரத்த அழுத்தம் சரிந்து, கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு, நாற்காலியிலேயே துடித்துப் போனார். இங்கே, தீபாவளி முடிந்து மூன்றரை கிலோ கூடுதலாகச் சென்றபோது, தலைமைத் தாதி மருத்துவரிடம் பேசிவிட்டு, அன்று இரண்டரை லிட்டர் மட்டும் எடுத்து, மறுநாள் கூடுதலாக ஒரு முறை வரச் சொன்னார். “ஒரேயடியா எடுத்தா இருதயம் தாங்காதும்மா” என்று தமிழிலேயே எடுத்துச் சொன்னார். ஊசி போடும் முன் கையிலுள்ள பிஸ்டுலாவை (டயாலிசிஸ் ஊசிக்காகத் தமனியையும் சிரையையும் அறுவை சிகிச்சையால் இணைத்த இடம்) தொட்டு, அதிர்வு இருக்கிறதா என்று பார்க்காமல் அவர் ஒருநாளும் தொடங்கியதில்லை.

அடுத்தது தண்ணீர். நிமிடத்துக்கு 500 மில்லிலிட்டர் வீதம், நான்கு மணி நேரச் சிகிச்சைக்கு ஏறக்குறைய 120 லிட்டர் கரைசல் (சுத்திகரித்த குழாய் நீரில் தயாரிப்பது), இயந்திரத்தில் பொருத்திய வடிகட்டியின் நுண்குழாய்களுக்கு வெளியே இரத்தத்துக்கு எதிர்த்திசையில் ஓடி, யூரியாவையும் மிகுந்த பொட்டாசியத்தையும் வாங்கிச் செல்கிறது. மெல்லிய சவ்வுக்கு அப்பால் இரத்தம் ஓடுவதால், குழாய் நீரில் கிருமிநாசினியாகக் கலக்கப்படும் குளோராமின் மிஞ்சியிருந்தால் சிவப்பணுக்கள் சிதைந்துவிடும். தண்ணீரின் காலைப் பரிசோதனைப் பதிவேட்டைக் காட்டுமாறு கேட்டபோது, முகம் சுளிக்காமல் எடுத்துக் காட்டினார்கள். எந்த நிலையத்திலும் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

குறைகளும் உண்டு. காலை முறை அடிக்கடி அரை மணி நேரம் தாமதமாகிறது; நீரிழிவும் உள்ளவர்களுக்கு அந்தக் காத்திருப்பு சிறிய விஷயம் அல்ல. உணவு அறிவுரைத் தாள் மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே இருக்கிறது. முருங்கைக்கீரை, பருப்பு, இளநீர் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. உருளைக்கிழங்கை நறுக்கி நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டால் பொட்டாசியம் குறையும் என்பதை அம்மா பக்கத்து நாற்காலிக்காரரிடம்தான் தெரிந்துகொண்டார். தமிழில் ஒரு தாள் தயாரித்துத் தரும்படி எழுதிக் கேட்டிருக்கிறேன், பதிலுக்குக் காத்திருக்கிறேன்.