பாக்கெட்டுக்கு நேரம் குறிப்பது யார்: நிரலா, கெர்னலா, கார்டா?

கும்பகோணத்தில் ஒரு கல்லூரி லேபில் நாலைந்து லினக்ஸ் பெட்டிகள் இருக்கின்றன, அவற்றின் கடிகாரங்கள் ஒத்துப்போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நெட்வொர்க் வழியே கடிகாரங்களை ஒத்துவைக்கும் முறைகளான என்டிபியோ பிடிபியோ, அடிப்படைக் கணக்கு ஒன்றுதான்: பாக்கெட் (நெட்வொர்க்கில் போகும் தகவல் துண்டு) இங்கிருந்து கிளம்பிய நேரம், அங்கே சேர்ந்த நேரம், அங்கிருந்து கிளம்பிய நேரம், இங்கே வந்து சேர்ந்த நேரம். நாலில் ஒன்று பிசகினாலும் விடை பிசகும். மதகைத் தூக்கும் லஸ்கரே நேரம் குறிப்பதற்கும், அவர் வந்து சொன்ன பிறகு ஆபீஸில் நோட்டில் எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இங்கேயும்.

நிரலே குறிப்பது ஆபீஸ் நோட்டு. பாக்கெட் கைக்கு வந்ததும் கடிகாரத்தைப் படிப்பது, அவ்வளவுதான். எந்த இயங்குதளத்திலும் ஓடும். ஆனால் சிபியு வேறு வேலையில் இருந்தால் நிரல் வரிசையில் நிற்கும். தாமதம் எப்போதும் ஒரே அளவாக, இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் கணக்கில் அடிபட்டுப் போய்விடும். அது ஏறி இறங்குவதுதான் தொல்லை.

அடுத்தது எஸ்ஓ_டைம்ஸ்டாம்ப். சாக்கெட்டில் (நிரல் நெட்வொர்க்கோடு பேசும் வாசல்) இந்த ஆப்ஷனைப் போட்டால் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, தானே நேரம் குறித்துத் தரும், மைக்ரோ செகண்டில். ஆப்ஷன் பெயரின் கடைசியில் என்எஸ் சேர்த்தால் நானோ செகண்டில். அந்த ஒன்பது இலக்கத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். நெட்வொர்க் கார்டு பல பாக்கெட்டுகளைச் சேர்த்து வைத்து ஒரே இன்டரப்ட் (சிபியுவைக் கூப்பிடும் சைகை) கொடுக்கும். கெர்னல் குறிப்பது அதற்குப் பிந்திய நேரத்தை. அதைவிடப் பெரிய குறை, இது வரும் பாக்கெட்டுக்கு மட்டும்தான். போகும் பாக்கெட்டுக்கு மறுபடி ஆபீஸ் நோட்டுதான்.

சிக்கலே போகும் பாக்கெட்டில்தான் இருக்கிறது. கிளம்பிய நேரம் கிளம்பிய பிறகுதான் தெரியும். அதற்குள் பாக்கெட் கையை விட்டுப் போயிருக்கும். 2009-இல் லினக்ஸ் 2.6.30-இல் வந்த எஸ்ஓ_டைம்ஸ்டாம்பிங் இதற்கு ஒரு வழி சொன்னது. அனுப்பிய பாக்கெட்டின் நகல், நேரத்தோடு, அதே சாக்கெட்டின் எர்ரர் கியூவில் திரும்பி வரும். பிழையே நடக்காதபோது பிழை வரிசையைப் படிப்பது அசிங்கமாகத்தான் இருக்கிறது. எந்த நேரம் எந்தப் பாக்கெட்டுக்கு என்று முதலில் நகலை ஒப்பிட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. 2014-இல் வரிசை எண் வசதி வந்தபின் அந்த அவஸ்தை தீர்ந்தது. கிடைத்த நேரத்தை பிடிபி பின்னாலேயே ஃபாலோ-அப் செய்தியில் அனுப்புகிறது. என்டிபியின் இன்டர்லீவ்டு முறை அடுத்த பாக்கெட்டில் ஏற்றிவிடுகிறது.

இதே ஆப்ஷனில் கார்டே நேரம் குறிக்கும்படியும் கேட்கலாம். கம்பிக்குப் பக்கத்தில் குறிப்பதால் சிபியு, இன்டரப்ட் தொல்லை இரண்டும் இல்லை. ஆனால் கார்டின் கடிகாரம் தனி. அதைக் கணினிக் கடிகாரத்தோடு சேர்க்க பிஹெச்சி2சிஸ் என்ற நிரல் ஓட வேண்டும். பிடிபி வழக்கமாக டிஏஐ எனும் அணுக் கடிகார நேரத்தில் ஓடும், உலகப் பொது நேரமான யுடிசியை விட 37 விநாடி முன்னால். அதைக் கவனிக்காவிட்டால் நானோ செகண்ட் சுத்தமாக 37 விநாடி தப்பு வரும்!

என் கட்சி இது: கார்டு எதுவானாலும் நிரலை எஸ்ஓ_டைம்ஸ்டாம்பிங்கிலேயே எழுதுங்கள். கார்டுக்கு நேரம் குறிக்கத் தெரியாவிட்டாலும், பெரும்பாலான டிரைவர்களில் போகும் பாக்கெட்டுக்குக் கெர்னல் நேரமாவது இதில் கிடைக்கும். கார்டுக்குக் காசு போடுவது அப்புறம் யோசிக்க வேண்டிய விஷயம்.

டெல்லி என்பிஎல் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) நேர சர்வரோடு மட்டும் பேசப் போகிறீர்கள் என்றால் அந்தச் செலவு வீண். போகும் வழியும் வரும் வழியும் எடுக்கும் நேரம் வேறுபட்டால், அந்த வித்தியாசத்தில் பாதி அப்படியே பிழையாக ஏறும். கார்டால் ஒன்றும் செய்ய முடியாது. லேபுக்குள்ளேயே, மொட்டை மாடியில் ஜிபிஎஸ் ஆன்டெனா வைத்த ஒரு பெட்டியிலிருந்து மற்றவை நேரம் எடுத்தால் கார்டு பலன் தரும். தென்னை மறைக்காத மூலையாகப் பாருங்கள், டெல்டாவில் வானத்துக்குப் பஞ்சமில்லை. இடையில் சாதாரண ஸ்விட்ச் இருந்து டிராஃபிக் ஏறினால் கார்டு தந்த துல்லியத்தை அது தின்றுவிடும், பிடிபி தெரிந்த ஸ்விட்ச் வேண்டும். வாங்குமுன் ஈத்டூல் கட்டளையில் பெரிய டி (-T) போட்டுப் பாருங்கள்: சில கார்டுகள் பிடிபி பாக்கெட்டுக்கு மட்டுமே வரும் நேரத்தைக் குறிக்கும், அதை வைத்து என்டிபிக்கு ஒன்றும் செய்ய முடியாது.