காருக்குள் சிக்கிய கதை: ஆகீஸ் அமைப்பின் ‘ஸ்டோரிபுக் வேவ்ஸ்’

2018-இல் என் பழைய புரோட்டோன் வீரா காருக்குப் புது பேட்டரி போட்டதற்குக் காரணம் இங்கிலாந்தில் உள்ள ஆகீஸ் என்ற ஒரு கிறிஸ்துவத் தொண்டு அமைப்பு. இருநூறு மலேசிய வெள்ளிக்குக் கொஞ்சம் குறைவாகச் செலவானது. அந்தக் காசு போனதில் எனக்கு வருத்தமே இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

மகள் இங்கிலாந்தின் பிளிமத்தில் தாதியாக இருக்கிறாள். மாப்பிள்ளை வெள்ளைக்காரர், பிரிட்டிஷ் கடற்படையில் வேலை. அந்த வருஷம் அவருடைய கப்பல் நீண்ட பயணம் கிளம்பியது. எந்தக் கப்பல், எங்கே போகிறது என்றெல்லாம் கேட்கக் கூடாது, பேஸ்புக்கில் போடவும் கூடாது என்று மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். இப்போது எழுதும்போதும் கப்பல் பெயரைச் சொல்லப் போவதில்லை. சின்னவள் பிறந்து ஆறு மாதம், மகளுக்குப் பேறுகால விடுப்பு. இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு மூன்று மாதம் எங்களோடு இருக்கலாம் என்று பினாங்கு மாநிலத்துப் பாகான் டாலாம் வந்துவிட்டாள். பெரியவனுக்கு அப்போது நான்கு வயது.

பகலில் அவன் தங்கமான பிள்ளை. ரொட்டி சானாயைக் கிழித்துச் சீனியில் தொட்டுக்கொண்டே தெருப் பூனைகளை எண்ணிக்கொண்டிருப்பான். இரவு எட்டரை ஆனால் போதும், அப்பா வேண்டும். வீட்டில் தினமும் படுக்கும்போது கதை படிப்பது அவனுடைய அப்பாதானாம். என் வீட்டுக்காரி காக்கா வடை தூக்கிய கதையில் தொடங்கித் தன்னிடம் இருந்த சரக்கு எல்லாவற்றையும் இறக்கிப் பார்த்தாள். ஒன்றும் எடுபடவில்லை. “அப்பா இப்படிச் சொல்ல மாட்டார்” என்று ஒரே அழுகை.

அந்தச் சமயத்தில்தான் பிளிமத்திலிருந்து ஒரு தபால் உறை வந்தது. மகள் வீட்டுக்கு வந்ததைப் பக்கத்து வீட்டு அம்மா எங்கள் முகவரிக்குத் திருப்பி அனுப்பியிருந்தார். எங்கெங்கோ சுற்றிவிட்டு மூன்று வாரம் கழித்து, மூலை நசுங்கி வந்து சேர்ந்தது. உள்ளே ஒரு சிடி. மாப்பிள்ளை தன் குரலில் ஒரு பிள்ளைக் கதைப் புத்தகத்தை வாசித்து, அதற்கு இசையும் சத்தமும் சேர்த்து ஒழுங்கு பண்ணிய பதிவு. இதைத்தான் ‘ஸ்டோரிபுக் வேவ்ஸ்’ என்கிறார்கள். கடலுக்குப் போகிற அப்பாவோ அம்மாவோ பிள்ளைக்கான கதையைப் பேசிப் பதிவு செய்து கொடுத்துவிட்டால், அதைப் பக்குவப்படுத்தி வீட்டுக்குச் சேர்த்துவிடுகிறார்கள். எங்களிடம் ஒரு காசு வாங்கவில்லை.

ஆனால் சிடியைப் போட வீட்டில் பெட்டி இல்லை. மகளுடைய மடிக்கணினியில் சிடி போடும் இடமே கிடையாது. பழைய ரேடியோ செட்டை என் வீட்டுக்காரி அதற்கு முந்தைய தீபாவளிக்குத்தான் பழைய சாமான்காரனிடம் தள்ளிவிட்டிருந்தாள். மிச்சம் இருந்தது வீரா. அதில் என் மகன் எப்போதோ மாட்டிய பிளேயர் ஒன்று இருந்தது.

அன்று இரவு நானும் பேரனும் கார் போர்ச்சில் நிறுத்தியிருந்த வண்டியில் ஏறி உட்கார்ந்தோம். அவன் முன் சீட்டில், என் பழைய கைலியைப் போர்த்திக்கொண்டு. எஞ்சினைப் போடவில்லை, சாவியை மட்டும் திருப்பினேன். சிடி உள்ளே போனது, கொஞ்ச நேரம் கரகரவென்று தேடியது, அப்புறம் குரல் வந்தது. பையன் சட்டென்று நிமிர்ந்தவன் ஸ்பீக்கர் இருக்கும் கதவுப் பக்கம் திரும்பினான். சிரிக்கவில்லை, அழவில்லை. ஸ்பீக்கர் வலைமேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டான். கதை முடியும்வரை கையை எடுக்கவில்லை.

ஒரு கரடி படகில் போகிற கதை. பத்து நிமிஷம்கூட இருக்காது. முடிவில் மாப்பிள்ளை தமிழில் ஒரு வார்த்தை சொல்வார். மகள் சொல்லிக் கொடுத்திருக்கிறாள் போல. “தூங்குட்டா கண்ணூ.” அந்த ‘கண்ணூ’ கிழக்கே கிளம்பி மேற்கே போய்ச் சேரும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பையனுக்கு அதில் சிரிக்க ஒன்றுமில்லை, அவனுடைய அப்பா அப்படித்தான் சொல்வார். இரண்டாவது தடவை ஓடும்போதே தூங்கிவிட்டான்.

அப்புறம் தினமும் இதே வேலை. எட்டரைக்குக் கார். கண்ணாடியைப் பாதி இறக்கி வைத்து, கொசுவர்த்திச் சுருளை வெளியே தரையில் கொளுத்தி வைப்பேன். எதிர்வீட்டு மக்சிக் (மலாய்க்கார அம்மா) மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, நான்காம் நாள் கேட்டைத் தட்டி, “அப்பா ஹால், அங்கிள்?” (என்ன விஷயம்?) என்று மலாயில் கேட்டே விட்டார். வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு காரில் படுக்கிறேன் என்று நினைத்தாராம். விஷயத்தைச் சொன்னதும் போய்விட்டு, ஒரு தட்டு கூவே பலகாரம் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு மாதத்தில் பேட்டரி செத்தது. அந்தக் கதையைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.

நான் முப்பத்துச் சொச்ச வருஷம் பினாங்கு பெரியில் (கடலைக் கடக்கும் பயணக் கப்பலில்) எஞ்சின் ரூமில் வேலை பார்த்தவன். பாகானுக்கும் ஜார்ஜ்டவுனுக்கும் நடுவில் அந்தக் கடலை எத்தனை ஆயிரம் தடவை தாண்டினேன் என்று கணக்கு இல்லை. அதனால் பையன் கரடியைக் கேட்டுக்கொண்டிருக்க, நான் வேறு ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் குரலுக்குப் பின்னால், இசை அடங்குகிற இடங்களில், மெல்லிய ஒரே சீரான இரைச்சல். கப்பலிலேயே வைத்துப் பதிவு செய்தது என்று மகள் சொல்லியிருந்தாள். எஞ்சின் சத்தமாக இருந்தால் ஒரு துடிப்பு இருக்கும், கால்வழியே ஏறும். இது காற்று ஊதும் விசிறி, இரும்புக் குழாய் வழியாக வருகிற காற்று. கப்பலில் எந்த மூலையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தாலும் அதிலிருந்து தப்ப முடியாது. பையனிடம் இதைச் சொன்னேன். அவன் காது வைத்துக் கேட்டுவிட்டு, “அப்பாவோட கப்பல் குறட்டை விடுது தாத்தா” என்றான். அதற்கப்புறம் அந்த இடம் வந்தால் இருவரும் பேச்சை நிறுத்திவிடுவோம்.

சரி, இதை யார் செய்கிறார்கள்? ராயல் செய்லர்ஸ் ரெஸ்ட்ஸ் என்பது பழைய பெயர். ஆகி வெஸ்டன்ஸ் என்றும், சுருக்கமாக ஆகீஸ் என்றும் சொல்கிறார்கள். ஆக்னஸ் வெஸ்டன் என்ற பெண்மணி, சோபியா வின்ட்ஸ் என்ற தோழியோடு சேர்ந்து, 1876-இல் பிளிமத்தின் டெவன்போர்ட் கப்பல் கட்டும் தளத்து வாசலுக்குப் பக்கத்தில் மாலுமிகள் தங்கும் விடுதி ஒன்றைத் திறந்தார். கரையில் இறங்கிய மாலுமிக்கு அந்தக் காலத்தில் போக்கிடம் சாராயக் கடைதான். இந்த அம்மாள் குடிக்கு எதிரி. விடுதியில் காப்பி, சாப்பாடு, கட்டில், கூடவே பைபிளும் உண்டு. நம் ஜார்ஜ்டவுன் துறைமுகத்தை ஒட்டிய வெல்ட் கீ பக்கம் பழைய நாட்களைப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வேலை என்று புரியும்.

அதற்கும் முன்னால் அவர் செய்த வேலை கடிதம் எழுதுவது. முதலில் ஒரு ராணுவ வீரனுக்கு எழுதினாராம். அவன் கப்பலில் போகும்போது அந்தக் கடிதத்தை ஒரு மாலுமியிடம் காட்ட, எனக்கும் இப்படி எழுத ஆள் இருந்தால் நன்றாக இருக்குமே என்று அவன் ஏங்கியிருக்கிறான். இந்த அம்மாள் அவனுக்கும் எழுதத் தொடங்கி, அது ஒன்று பத்தாகிக் கடைசியில் மாதா மாதம் அச்சடித்து ஆயிரக்கணக்கில் கப்பல்களுக்கு அனுப்புகிற அளவுக்குப் போய்விட்டது. இதைப் படித்ததும் எனக்குச் சிடி ஞாபகம்தான் வந்தது. அன்றைக்குக் கரையிலிருந்து கப்பலுக்குக் கடிதம், இன்றைக்குக் கப்பலிலிருந்து கரைக்குக் குரல். 1918-இல் அவர் இறந்தபோது முழுக் கடற்படை மரியாதையோடு பிளிமத்தில் அடக்கம் செய்தார்கள். டெவன்போர்ட் விடுதி 1941-இல் ஜெர்மன் குண்டுவீச்சில் போய்விட்டது. இப்போது இவர்கள் வேலை கட்டில் கொடுப்பது அல்ல. கடற்படைப் பாதிரியார்களோடு சேர்ந்து ஆட்களையும் குடும்பங்களையும் பார்த்துக்கொள்ளும் ஊழியர்களை வைத்திருக்கிறார்கள்.

இந்த இடத்தில் என் சம்பந்தியோ சொந்தக்காரரோ யாராவது கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: “கூப்பிட்டு மதம் மாற்றிவிடுவார்களோ?” நாங்கள் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் பால்குடம் எடுக்கிற குடும்பம். அதனால் எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது, மறைக்க மாட்டேன். மகளிடம் நேரடியாகவே கேட்டேன். அவள் சொன்னது இதுதான்: அவர்கள் கிறிஸ்துவர்கள் என்பதை ஒளிக்கவில்லை, பெயரிலும் பேச்சிலும் அது இருக்கிறது. ஆனால் சின்னவள் வயிற்றில் இருந்தபோது, புருஷன் கடலில், பெரியவனுக்குக் காய்ச்சல் என்று இவள் தடுமாறிய வாரத்தில், அங்கிருந்து வந்த அம்மா ஒருவர் சமையலறையில் நின்று பாத்திரம் கழுவிக் கொடுத்திருக்கிறார். சாமி அலமாரியில் முருகன் படத்தைப் பார்த்துவிட்டு, இது யார் என்று விசாரித்திருக்கிறார். இவள் வேலும் மயிலும் சொல்லியிருக்கிறாள். அவர் கேட்டுக்கொண்டே தேநீர் குடித்துவிட்டுப் போயிருக்கிறார். அவ்வளவுதான். சிடியிலும் ஜெபம் எதுவும் இல்லை, கரடி மட்டும்தான்.

குறை சொல்ல வேண்டும் என்றால், அது அவர்கள் தலையில் கட்டக்கூடிய குறை இல்லை. பதிவு பதில் பேசாது. ஒருநாள் பையன், “அப்பா, கரடிக்குப் பசிக்காதா?” என்று ஸ்பீக்கரிடம் கேட்டான். அது பாட்டுக்கு அடுத்த பக்கத்துக்குப் போனது. அவன் முகம் சுருங்கிவிட்டது. அன்று இரவு சிடி வேண்டாம் என்றான். நான் கரடிக்குத் தோசை வாங்கிக் கொடுத்துச் சமாளித்தேன். பக்கத்தில் ஒரு பெரிய ஆள் உட்கார்ந்திருந்தால்தான் இந்தப் பதிவு வேலை செய்யும். பிள்ளையிடம் கொடுத்துவிட்டு நாம் டிவி பார்க்கப் போனால் சரிவராது.

இன்னொன்று, இது பிரிட்டிஷ் கடற்படை, ராயல் மரீன்ஸ் குடும்பங்களுக்கானது. நம் ஆட்களுக்குக் கிடையாது. பெரியில் என்னோடு வேலை செய்தவரின் மகன் லூமுட் கடற்படைத் தளத்தில் இருக்கிறான், அவனும் வாரக்கணக்கில் கடலில்தான். நம் ராணுவக் குடும்பங்களுக்கு பாகாட் என்ற நலச் சங்கம் இருக்கிறது. அவர்களோ, நம் கோயில் கமிட்டிகளோ, யாராவது இந்த யோசனையைக் கடன் வாங்கலாம். ஒரு போன், ஒரு புத்தகம், சத்தமில்லாத ஓர் அறை, இவ்வளவுதான் செலவு. மலாயோ தமிழோ எந்த மொழியிலும் படிக்கலாம். சத்தமில்லாத அறை கப்பலில் கிடைக்காது, அது எனக்குத் தெரியும். குறட்டையோடே பதிவு செய்யட்டும்.

ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று என் மகன் கேட்டான். இந்த மாதிரி விஷயத்துக்கு மார்க் போட எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அப்படியும் கேட்டால் ஐந்து.

2025-இல் மாப்பிள்ளை மறுபடியும் நீண்ட பயணம். பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகள் இங்கே வந்தார்கள். இந்த முறை சின்னவளுக்காக அவர் படித்த கதை மகளின் போனிலேயே இருந்தது, எனக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். வசதிதான். படுக்கையிலேயே கேட்கலாம், கொசு இல்லை. ‘கண்ணூ’ மட்டும் ஏழு வருஷத்தில் கொஞ்சமும் திருந்தவில்லை.

பெரியவனுக்குப் பதினொரு வயது. எனக்கு எதற்குக் கதை என்றான். ஆனால் இரண்டாம் நாள் போர்ச்சில் போய் நின்றுகொண்டு, “தாத்தா, அந்தக் கார் எங்கே?” என்று கேட்டான். வீராவை 2022-இல் நிபோங் திபால் ஆள் ஒருவருக்கு விற்றுவிட்டேன். சிடி உள்ளே சிக்கிக் கிடந்தது, பொத்தானை எத்தனை தடவை அழுத்தியும் வெளியே வரவில்லை, அப்படியே கொடுத்துவிட்டேன். பையனிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ராத்திரி அந்த ஆளுக்குப் போன் போட்டேன். பிளேயர் கெட்டுப்போய்க் கழற்றி ஸ்டோரில் போட்டிருக்கிறேன், வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

சனிக்கிழமை நானும் பையனும் போய் எடுத்து வந்தோம். பிளாஸ்டிக் பையில், ஒயர் எல்லாம் தொங்கிக்கொண்டு, எலிப்புழுக்கை வாடையோடு. அவன் அதை மடியில் வைத்துக்கொண்டே வந்தான், வழியில் ஒருமுறை ஆட்டிக் காட்டினான், உள்ளே சிடி லொடலொடவென்று ஆடியது. ராஜா ஊடா சாலைப் பக்கம் பழைய ரேடியோ பழுது பார்க்கிற சீனர் ஒருவர் இருக்கிறார். திங்கட்கிழமை கடை திறப்பார்.