13-ஆம் அளவு, 20 மில்லிமீட்டர் ஹீல்: ஆம்பூரில் தைத்து வாங்கிய லிஃப்டிங் ஷூ

எனக்கு 41 வயது, எடை 138 கிலோ. பளுதூக்குதலில் கடைசிப் பிரிவு, அதாவது சூப்பர் ஹெவி. நான் மும்முரமாகப் போட்டிகளுக்குப் போன காலத்தில் அது 105-க்கு மேல். 2018-இல் 109 ஆனது, 2025 நடுவில் 110 ஆகிவிட்டது. கோட்டை எங்கே போட்டாலும் நான் அந்தப் பக்கம்தான். மேல்வரம்பு இல்லாததால், மற்றவர்கள் எடை குறைக்க எச்சில் துப்பிக்கொண்டிருக்கும்போது நான் நாலு இட்லி தின்றுவிட்டுத் தராசில் ஏறுவேன். அந்தச் சுகத்துக்கெல்லாம் சேர்த்து ஒரே ஒரு தண்டனை: என் காலுக்கு ஷூ கிடைக்காது.

2004-இல் எங்கள் ஜிம்மில் பொதுவாக இருந்தது ஒரே ஒரு ஜோடி லிஃப்டிங் ஷூ, 11-ஆம் அளவு. என் கால் 13. சீனியர் அண்ணனிடம் கெஞ்சி, அதன் மூக்கை பிளேடால் அறுத்துவிட்டு, பெருவிரல் வெளியே தெரியப் போட்டுக்கொண்டேன். அந்த ஆண்டுதான் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஈரானின் ஹொசைன் ரெசாஸாதே 263.5 கிலோவைத் தலைக்கு மேல் நிறுத்தினார். விடுதி டிவியில் அதைப் பார்த்துக் கத்தியவர்களில் நானும் ஒருவன். ஆனால் அன்று ராத்திரி படுத்தபோது நினைவில் இருந்தது அவர் கால்தான். தரையோடு ஆணி அடித்தது போல நின்றிருந்தது.

அப்புறம் 2009. ஒரு மாநிலப் போட்டி, கிளீன் அண்ட் ஜெர்க் (பார் என்கிற எடைக் கம்பியை முதலில் தோளுக்கு எடுத்து, பிறகு தலைக்கு மேல் தள்ளுவது) மூன்றாவது வாய்ப்பு, 181 கிலோ. கிளீன் எடுத்து எழுந்துவிட்டேன். ஜெர்க்குக்குக் காலைப் பிரித்ததும் முன்காலில் சோல் வாயைப் பிளந்தது. கால் வழுக்கி, பார் முன்னால் போய் விழுந்தது. நடுவர் மூவரும் சிவப்பு விளக்கு, அதாவது செல்லாது. 13 என்று சொல்லி ஒரு கடையில் விற்ற ஷூ அது. பிரித்துப் பார்த்தால் உள்ளே 12 என்று அச்சடித்திருந்தது.

சாதாரண ஷூவோடு தூக்கினால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. என் 138, பாரில் 181, மொத்தம் 319 கிலோ இரண்டு பாதத்தில் இறங்குகிறது. ஜார்ஜியாவின் லாஷா தலாஹாட்ஸே 2021 டிசம்பரில் தாஷ்கண்டில் 267 கிலோ ஜெர்க் போட்டார். அவர் உடம்பே 170-க்கு மேல். (2013-இல் ஊக்கமருந்தில் சிக்கி இரண்டு ஆண்டு தடை வாங்கியவர், பிறகு ரியோ, டோக்கியோ, பாரிஸ் என்று மூன்று தங்கம். அவர் பேரை எடுத்தாலே எங்கள் ஜிம்மில் இன்றைக்கும் சண்டை வரும்.) இந்தப் பாரத்துக்கு ஓட்டப் பயிற்சி ஷூவின் மெத்தை ஒரு பக்கமாக அமுங்கும், முட்டி உள்ளே சாயும். அதனால் ஹீல் கல்லு மாதிரி இருக்க வேண்டும். உயரமாகவும் இருக்க வேண்டும்: கணுக்கால் அதிகம் மடங்காமலே முட்டி முன்னால் போகும், நெஞ்சு நிமிரும். எங்களுக்கு ஆழமாக உட்கார்ந்தால் தொடையும் தொப்பையும் மோதிக்கொள்ளும். அந்த 20 மில்லிமீட்டர் இருந்தால்தான் இரண்டுக்கும் இடம் கிடைக்கும்.

சரி, ஷூவுக்கு வருகிறேன். ஆம்பூரில் ஏற்றுமதி ஷூ கம்பெனியில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு, இப்போது வீட்டுத் திண்ணையில் தைக்கும் ஒரு பாய். நண்பர் ஒருவர் கூட்டிப்போனார். காகிதத்தில் காலை வைக்கச் சொல்லிக் கோடு போட்டார். பிறகு உள்ளேயிருந்து 25 கிலோ அரிசி மூட்டையைக் கொண்டுவந்து, "தோள்ல வச்சிக்கிட்டு நில்லுங்க தம்பி" என்றார். மறுபடி கோடு. பாதம் இரண்டு நூல் (கால் அங்குலம்) அகலம் கூடியிருந்தது. இருபது வருஷமாக எந்தக் கடையிலும் யாரும் இப்படி அளந்ததில்லை. "நீங்க சும்மா நிக்கிறதுக்கா ஷூ கேக்குறீங்க?" என்று கேட்டுவிட்டு அகலமான கோட்டையே எடுத்துக்கொண்டார்.

அப்பர், அதாவது மேல்பாகம், தடித்த எருமைத் தோல். ஹீல் கருவேல மரம், அடியில் மெல்லிய ரப்பர். லேஸுக்கு மேல் குறுக்கே இரண்டு பட்டை. லேஸ் மட்டும் போதாதா என்றார். குனிந்து கட்டுவதே எனக்கு ஒரு லிஃப்ட் என்றேன், சிரித்துக்கொண்டே பட்டை வைத்தார். ஒரு ஷூ 700 கிராம். விலை 7,200 ரூபாய்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். மூன்று வாரம் என்றவர் ஏழு வாரம் எடுத்தார். பசை நாற்றம் பத்து நாள் போகவில்லை, மனைவி ஷூவை மொட்டை மாடிக்கு அனுப்பிவிட்டாள். பெரிய குறை, இடது ஹீல் 22 மில்லிமீட்டர் இருந்தது. ஸ்குவாட்டில் இடுப்பு ஒரு பக்கம் இழுப்பது போலத் தோன்றவும், ரசமட்டம் வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தேன். திருப்பி எடுத்துப் போனபோது மனுஷர் மறுத்துப் பேசவில்லை. ரப்பரைப் பிரித்து, இழைப்புளியால் இரண்டு மில்லிமீட்டரைச் சீவி, மறுபடி ஒட்டிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. இன்னொன்று, மழையில் போட்டுக்கொண்டு நடக்காதீர்கள். மரம் ஈரத்தில் உப்பும். ஜிம்முக்குப் பையில் எடுத்துப் போய் அங்கே மாட்டுங்கள்.

ஐந்து மாதமாகப் போடுகிறேன். மூத்தவர்களுக்கான மாஸ்டர்ஸ் பிரிவில் இந்த வயதுக்கு ஸ்னாட்ச் (ஒரே இழுப்பில் தலைக்கு மேல் தூக்குவது) 105, ஜெர்க் 135 தான் வருகிறது, அதற்கு ஷூவைப் பெருமை பேச முடியாது. ஆனால் காலைப் பிரித்து இறங்கும்போது இரண்டு பாதமும் ஒரே 'தட்' என்று விழுகிறது. முன்பு 'த-தட்' என்று கேட்கும். பக்கத்துப் பிளாட்பார்மில் 73 கிலோ பையன் ஒருவன் திரும்பிப் பார்த்து, "அண்ணே, சத்தமே மாறிடுச்சே" என்றான். 2009-இல் இது இருந்திருந்தால் 181 நின்றிருக்குமா என்று சில நாள் யோசிப்பேன். நின்றிருக்கும் என்றுதான் தோன்றுகிறது.

10-ஆம் அளவுக்குள் கால் உள்ளவர்கள் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம், இவ்வளவு அலைச்சல் தேவையில்லை. 12-க்கு மேல் என்றால் தயங்காமல் போங்கள். பாதிப் பணம் முன்பே கொடுக்க வேண்டும், காலையில் வெறுங்காலோடு போனால் போதும். அரிசி மூட்டை அவரிடமே இருக்கிறது.