ஆன்ஏர் கன்சோலுக்குள்ள இருக்கற கம்ப்யூட்டர் போர்டை மாத்தலாமா: இடிஎக்ஸ் மாட்யூல் ரிவியூ

பழைய டிஜிட்டல் ஆன்ஏர் கன்சோல், அதாவது ரேடியோ ஸ்டுடியோவுல நிகழ்ச்சி போகும்போது சத்தங்களைக் கலக்கற மேஜை, வச்சிருக்கறவங்களுக்காக எழுதறேன். ஸ்க்ரீன் உறைஞ்சு போகுது, மீட்டர் நகர மாட்டேங்குது, சில நேரம் பூட்டே ஆகலன்னா உடனே எல்லாரும் சொல்றது "கன்சோலையே மாத்திடுங்க, இதுக்கெல்லாம் இனிமே பார்ட்ஸ் வராது"ங்கறதுதான். அது பாதி உண்மை. கன்சோல் பண்ண கம்பெனி அந்த பார்ட்டை நிறுத்தியிருப்பாங்க, ஆனா உள்ள இருக்கறது அவங்களே செஞ்ச போர்டா இருக்கணும்னு இல்ல, பல கன்சோல்ல அது சந்தையில பொதுவா கிடைக்கற ஒரு இண்டஸ்ட்ரியல் கம்ப்யூட்டர் மாட்யூல்தான். எங்க கன்சோல்ல இருந்தது இடிஎக்ஸ் வகை (ஒரு கம்ப்யூட்டரையே சின்ன போர்டுல அடக்கி, இன்னொரு போர்டு மேல சொருகற ஸ்டாண்டர்டு), ஜியோட் எல்எக்ஸ் 800 ப்ராசசர், 500 மெகாஹெர்ட்ஸ். அதை எடுத்துட்டு அதே சாக்கெட்ல ஆட்டம் என்270 இருக்கற இடிஎக்ஸ் 3.0 மாட்யூல் போட்டோம். இந்த ரிவியூ அந்த மாட்யூலைப் பத்திதான். கன்சோல் பேரு சொல்லல, ஏன்னா விஷயம் ஒரு கம்பெனியோடது இல்ல, இந்த வகை போர்டு இருக்கற எதுக்கும் பெரும்பாலும் இதே கதைதான்.

முதல்ல ஒண்ணு தெளிவா தெரிஞ்சுக்கணும், இது தெரியாம பயந்துதான் நிறைய பேர் மூடியைக் கூட திறக்கறதில்ல. இந்த மாதிரி கன்சோல்ல சத்தம் கம்ப்யூட்டர் போர்டு வழியா போகறதில்ல. மைக், ப்ளேஅவுட் (பாட்டு, விளம்பரம் ஓட்டற கம்ப்யூட்டர்), டெலிபோன் லைன் எல்லாம் போறது டிஎஸ்பி கோர்ல, அதாவது சத்தத்தை டிஜிட்டலா கலக்கற யூனிட்ல, அது பெரும்பாலும் ரேக்ல தனியா உக்காந்திருக்கும். கம்ப்யூட்டர் போர்டோட வேலை ஸ்க்ரீன் காட்டறது, மீட்டர் வரையறது, ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து செட்டிங் எல்லாம்) எடுத்து வைக்கறது, ஃபேடரும் (லெவலை ஏத்தி இறக்கற தள்ளு குமிழ்) பட்டனும் சொல்றதை கோருக்கு கொண்டு போய் சேக்கறது. அதனாலதான் ஸ்க்ரீன் செத்தும் நிகழ்ச்சி ஏர்ல ஓடிட்டே இருக்கும், கடைசியா ஃபேடர் எங்க இருந்ததோ அந்த லெவல்லயே. சில மாடல்ல ஃபேடர் பேனலுக்கு தனி மைக்ரோகன்ட்ரோலர் இருக்கும், கம்ப்யூட்டர் இல்லாமலே ஃபேடர் வேலை செய்யும். உங்களுது எப்படின்னு ஆஃப்ஏர்ல இருக்கும்போது பாத்து வச்சுக்கோங்க, அது தெரிஞ்சா தைரியம் தன்னால வரும்.

போர்டுதான் போச்சுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு 5 வோல்ட் சப்ளை. இடிஎக்ஸ் ஓடறதே 5 வோல்ட்ல, 5 சதவீதம் முன்ன பின்ன இருக்கலாம், அதாவது 4.75க்கு கீழ இறங்கினா போர்டு தானா ரீபூட் ஆகலாம், இல்ல பாதி பூட்ல நிக்கலாம். மல்டிமீட்டரை சப்ளை பக்கம் வைக்காதீங்க, மாட்யூல் உக்காந்திருக்கற கேரியர் போர்டுல வச்சு, ஸ்க்ரீன் முழு வெளிச்சத்துல எரியும்போது பாருங்க, லோடு இல்லாம பாத்தா எல்லா சப்ளையும் நல்லாத்தான் தெரியும். ரெண்டாவது சிஆர்2032 பேட்டரி. அது செத்துட்டா பயாஸ் (ஆன் ஆனதும் முதல்ல ஓடி போர்டை தயார் பண்ற சாஃப்ட்வேர்) செட்டிங் எல்லாம் பெரும்பாலும் டிஃபால்ட்டுக்கு போயிடும், டிஃபால்ட்ல பல போர்டு "கீபோர்டு இல்ல"ன்னு சொல்லி நின்னுடும், கன்சோல்ல கீபோர்டு எங்க இருக்கு? 3 வோல்ட் பேட்டரி ஒண்ணு மாத்தினா சரியாகற விஷயத்துக்கு போர்டே போச்சுன்னு ஓரங்கட்டின கன்சோல்கள் கண்டிப்பா இருக்கும், அதை நினைச்சாலே வருத்தமா இருக்கு. எங்க கேஸ்ல ரெண்டும் சரியா இருந்தது, மாட்யூல்ல கெப்பாசிட்டர் தலை உப்பி இருந்தது, சந்தேகமே இல்ல.

சரி, என்ன வாங்கறது? அதே பழைய மாடலை யூஸ்டுல தேடி வாங்கலாம், ஒண்ணும் மாத்த வேண்டாம், போட்டா ஓடும், ஆனா அதுவும் அதே வயசு போர்டு, அதுல இருக்கறதும் அதே கெப்பாசிட்டர். காம் எக்ஸ்பிரஸ் புதுசா இருக்கேன்னு சிலர் கேப்பாங்க, அது 2005ல வந்த வேற ஸ்டாண்டர்டு, கனெக்டரே வேற, கேரியர் போர்டையே திருப்பி டிசைன் பண்ணணும், ஒரு ஸ்டுடியோ கன்சோலுக்காக யாரும் செய்யற வேலை இல்ல அது. சாதா மினி ஐடிஎக்ஸ் போர்டை உள்ள திணிச்சு ஒயர் இழுத்து ஓட்டலாம்னும் சொல்றாங்க. 170 மில்லிமீட்டர் சதுரத்துக்கு கன்சோல் உள்ள இடம் கிடைச்சாலும் ஃபேடர் பேனலோட பேசற சீரியல் போர்ட், ஜிபிஐஓ (லைட், ஸ்விட்ச் மாதிரி ஆன் ஆஃப் சிக்னல்) எல்லாம் கேரியர்ல இருந்து வர்றது, அதை எங்க கொண்டு போய் சொருகறது? எனக்கு அதுல துளி நம்பிக்கை இல்ல. ஆக மிச்சம் இருக்கறது அதே இடிஎக்ஸ்ல கொஞ்சம் புது தலைமுறை. இடிஎக்ஸ் 3.0ல நல்ல விஷயம் என்னன்னா சாட்டா (டிஸ்க் சொருகற புது வகை இணைப்பு) சேத்தாங்க, ஆனா அடியில இருக்கற நாலு கனெக்டர்ல ஒரு பின்னைக் கூட மாத்தல, சாட்டாவுக்கு மாட்யூல் மேலயே தனி கனெக்டர் குடுத்துட்டாங்க. இப்படி யோசிச்சு செஞ்சவங்களுக்கு நெஜமாவே நன்றி சொல்லணும்.

பொருத்தறது சுலபம்னு சொன்னா நம்ப மாட்டீங்க ஆனா அதுதான் இருக்கறதுலயே சுலபமான பகுதி. 95க்கு 114 மில்லிமீட்டர் அளவு, ஸ்க்ரூ ஓட்டை அதே இடத்துல. பழசை எடுக்கும்போது ஒரு மூலையை மட்டும் புடிச்சு நெம்பாதீங்க, நாலு கனெக்டர், ஒவ்வொண்ணுலயும் 100 பின், ஒரு பக்கம் சாஞ்சா கேரியர் பக்கத்து சால்டர் விரிசல் விடும், அந்த கேரியர் போச்சுன்னா எங்கயும் கிடைக்காது. ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி கொஞ்சம் கொஞ்சமா தூக்கணும். கையில ஆன்டி ஸ்டாட்டிக் ஸ்ட்ராப் கட்டாயம். ஹீட் ஸ்ப்ரெட்டர் (மாட்யூலோட சூட்டைக் கடத்தற உலோகத் தகடு) உயரம் பாருங்க, ஸ்டாண்டர்டுல சொன்ன உயரம் இருந்தாதான் கன்சோலோட அடித்தட்டுல சரியா ஒட்டி சூடு இறங்கும். எங்களுக்கு வந்த மாட்யூலோட ஸ்ப்ரெட்டர் சரியா உக்காந்தது, தெர்மல் பேட் மட்டும் புதுசு போட்டோம், பழசை திருப்பி போடாதீங்க, அது நசுங்கின அளவுலயே இறுகிப் போயிருக்கும்.

இனிமேதான் நெஜ வேலை. பயாஸ்.

கடையில இருந்து வர்ற மாட்யூல் சாதாரண பிசி மாதிரி நடந்துக்கும், கன்சோலுக்கு அது ஆகாது. கரண்ட் போயிட்டு வந்தா தானா ஆன் ஆகணும், அந்த செட்டிங் டிஃபால்ட்ல பெரும்பாலும் அப்படி இருக்காது. கீபோர்டு இல்லன்னாலும் நிக்கக் கூடாது. ஸ்க்ரீன் எல்விடிஎஸ் (பேனலுக்கு நேரா போற டிஜிட்டல் இணைப்பு) வழியா போகும், அதுல ரெசல்யூஷன் சரியா குடுக்கணும், நிறத்துக்கு 18 பிட்டா 24 பிட்டான்னு பேனலுக்குத் தகுந்த மாதிரி வைக்கணும். இது தப்பா இருந்தா படம் வரும், ஆனா நிறம் கண்றாவியா இருக்கும், லெவல் மீட்டர்ல பச்சை எது மஞ்சள் எதுன்னே தெரியாது, பார்த்தவுடனே ஸ்க்ரீன் போச்சுன்னு முடிவு கட்டிடாதீங்க. பேனல் வோல்டேஜ் எங்களுக்கு கேரியர்ல இருந்து வர்றதால அதைத் தொடவே இல்ல, உங்களுதுல ஜம்பர் இருந்தா 3.3ஆ 5ஆன்னு பேனல் பின்னாடி ஒட்டியிருக்கற நம்பரை வச்சு டேட்டாஷீட் பாத்துட்டுதான் தொடணும். இந்த மாட்யூலுக்கு வந்த பயாஸ் மேனுவல் எனக்கு புடிக்கல. ஆப்ஷன் பேரை மட்டும் வரிசையா போட்டிருக்கு, எது என்ன செய்யும்னு ஒரு வரி விளக்கம் இல்ல, இண்டஸ்ட்ரியல்னு பேர் வச்சு விக்கறவங்க இதுல இன்னும் அக்கறை காட்டியிருக்கணும்.

அடுத்தது சாஃப்ட்வேர். தயவு செஞ்சு, மூடியைத் திறந்ததும் முதல் வேலையா கன்சோல் சாஃப்ட்வேர் இருக்கற காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டை எடுத்து முழு இமேஜ் எடுத்து ரெண்டு இடத்துல வைங்க. ஃபைலை காப்பி பண்ணினா போதாது, பூட் செக்டரோட முழு கார்டும் வேணும். கார்டு படிக்க அடம் புடிச்சா டிடிரெஸ்க்யூங்கற மீட்பு சாஃப்ட்வேரை போடுங்க, படிக்க முடியற இடத்தை எல்லாம் முதல்ல எடுத்துட்டு கெட்ட இடத்துக்கு கடைசியா வரும். போர்டு எங்கயாவது கிடைக்கும், அந்த கார்டுல இருக்கற சாஃப்ட்வேர் போனா கன்சோல் வெறும் மேஜைதான்.

எங்களுது லினக்ஸ், பழைய 2.6 கெர்னல். இமேஜை புது கார்டுல எழுதி போட்டதும் பூட் ஆச்சு, ஸ்க்ரீன் வந்தது, ஆனா கோரோட பேசல. காரணம் நெட்வொர்க். பழைய போர்டோட மேக் அட்ரஸை (நெட்வொர்க் சிப்போட அடையாள நம்பர்) யூடெவ் ரூல்ஸ் ஃபைல்ல, அதாவது எந்த ஹார்டுவேருக்கு என்ன பேர்னு லினக்ஸ் குறிச்சு வைக்கற ஃபைல்ல, எழுதி வச்சிருக்கும், புது போர்டைப் பாத்ததும் இது வேற கார்டுன்னு நினைச்சு எத்0க்கு பதிலா எத்1ன்னு பேர் வச்சிடும், ஐபி அட்ரஸ் எல்லாம் எத்0க்குத்தான் இருக்கு. அந்த பெர்சிஸ்டென்ட் நெட் ரூல்ஸ் ஃபைல்ல பழைய வரியை அழிச்சு ரீபூட் பண்ணா தீர்ந்தது. டிஸ்ப்ளேக்கும் எக்ஸ் (லினக்ஸ்ல ஸ்க்ரீன் வரையற சாஃப்ட்வேர்) கான்ஃபிக்ல ஜியோட் டிரைவர்னு எழுதியிருந்ததை வெசாங்கற பொது டிரைவரா மாத்தினோம், மீட்டர் ஓடற வேகத்துக்கு அது தாராளம். வாங்கறதுக்கு முன்னாடி மாட்யூல்ல இருக்கற நெட்வொர்க் சிப் என்னன்னு கேளுங்க, உங்க பழைய கெர்னல்ல அதுக்கு டிரைவர் இல்லன்னா வேலை பல மடங்கு ஆயிடும். உங்க கன்சோல்ல இருக்கறது விண்டோஸ் எக்ஸ்பி எம்பெடட்னா அந்த வேலையே வேற, டிஸ்க் கன்ட்ரோலர் மாறினா நீல ஸ்க்ரீன்ல 7பி எர்ரர் வரும், பழைய போர்டு உயிரோட இருக்கும்போதே டிரைவர் ஏத்தி வைக்கறதுதான் நல்லது. இன்னொண்ணு, சில கன்சோல்ல லைசென்ஸ் மேக் அட்ரஸோட கட்டியிருப்பாங்க, அதை முன்னாடியே விசாரிச்சுடுங்க. எங்களுதுல அப்படி இல்ல.

இப்ப எப்படி ஓடுதுன்னா, ரொம்ப நல்லா. பூட் ஆகறது முன்னைவிட கண்ணுக்குத் தெரியற அளவு வேகம், ஸ்னாப்ஷாட் மாத்தினா ஸ்க்ரீன் தயங்கறதில்ல, மீட்டர் வழுவழுன்னு ஓடுது. ஃபேன் இல்லாத மாட்யூல், மைக் பக்கத்துலயே இருக்கற கன்சோலுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு ஸ்டுடியோவுல வேலை செஞ்சவங்களுக்குத் தெரியும். ஏர்ல விடறதுக்கு முன்னாடி டெஸ்ட் டோன் போட்டு ராத்திரி முழுக்க ஓட விட்டோம், நடுவுல கரண்டை புடுங்கி சொருகினோம், ஒவ்வொரு மைக்கா ஆன் பண்ணி ஸ்பீக்கர் மியூட் ஆகுதா, வெளியில சிவப்பு லைட் எரியுதான்னு பாத்தோம். இந்த கடைசி டெஸ்ட்டை விட்டுடாதீங்க, சில டிசைன்ல அந்த மியூட் லாஜிக் கம்ப்யூட்டர் வழியா போகும், அது வேலை செய்யலன்னா லைவ் மைக்ல ஸ்பீக்கர் ஃபீட்பேக் கத்தி கேக்கறவங்க காது போயிடும்.

குறைன்னு பாத்தா மேனுவல் சொன்னேன். அடுத்தது ஐஎஸ்ஏ, அதாவது பழைய காலத்து கார்டுகள் சொருகற பஸ். பழைய கன்சோல் கேரியர்ல ஐஎஸ்ஏ பஸ்ஸை பயன்படுத்தியிருந்தா கவனம், புது தலைமுறை மாட்யூல் பலதுல அது ஒரு பிரிட்ஜ் சிப் வழியா வர்றது, டிஎம்ஏ (ப்ராசசரை நம்பாம நேரா மெமரிக்கு டேட்டா போறது) வேணும்னு கேக்கற கார்டு ஓடாம போகலாம். எங்க கேரியர் பிசிஐயும் சீரியலும் மட்டும்தான் பயன்படுத்துது, அதனால தப்பிச்சோம். அப்பறம் என்270 ப்ராசசரே 2008ல வந்தது, 32 பிட் மட்டும், அதனால இந்த மாட்யூலும் ரொம்ப நாள் கிடைக்காது. நான் இதை குறையா மட்டும் பாக்கல, பழைய 32 பிட் சாஃப்ட்வேருக்கு இதுதான் சரியான ஜோடி, ஆனா வாங்கறதா இருந்தா இப்பவே வாங்கணும், ஸ்பேருக்கும் சேத்து. நாங்க அப்படித்தான் இன்னொண்ணு எடுத்து, பயாஸ் செட் பண்ணி, எழுதின கார்டையும் சேத்து ஆன்டி ஸ்டாட்டிக் கவர்ல போட்டு ரேக் ரூம்ல வச்சிருக்கோம். ஸ்பேருக்கும் மேக் அட்ரஸ் வேறன்னு மறக்காம அந்த கார்டுல ரூல்ஸ் ஃபைலை காலி பண்ணி வைங்க, அவசரத்துல மாத்தறவங்களுக்கு லினக்ஸ் தெரிஞ்சிருக்கணும்னு அவசியமில்ல.