வீட்டில் பாட்டுக் கேட்க எவ்வளவு நிஜம் வேண்டும்?

ஆம்ப்ளிஃபையரோடு ஜோடி ஸ்பீக்கரா, நல்ல ஹெட்போனா, கையடக்க புளூடூத் பெட்டியா? தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்துச் சாட்ஸ்வர்த்தில் நாங்கள் நாலு பேர் கூடி இதைப் பேச ஆரம்பித்தால், கடைசியில் "எது நேரில் கேட்கிற மாதிரி இருக்கிறது?" என்பதில்தான் சண்டை வரும்.

நேரில் என்றால் எதை? பெரிய வெள்ளியன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் மேளத்துக்குப் பக்கத்தில் நின்றால் நெஞ்சே அதிரும். அது வீட்டுக்குள் வராது. சத்தம் 10 டெசிபெல் கூட வேண்டுமென்றால் ஆம்ப்ளிஃபையர் பத்து மடங்கு வாட் தள்ள வேண்டும். தள்ளினாலும் இங்கே பாதி வீடுகள் ஒட்டு வீடுகள், நடுவில் ஒரே சுவர். தாழ்ந்த ஒலி அதைத் தாண்டி நேரே பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் கட்டிலுக்குப் போய்விடும். கச்சேரி என்றால், மண்டபத்தில் கேட்பதும் மைக் வழியாக ஸ்பீக்கரில் வருகிற சத்தம்தானே!

ஹெட்போனில் நுணுக்கம் அபாரம். மிருதங்கத்தின் வலந்தலையில் (வலது பக்கத்தில்) விரல் படுவதும் பாடகர் மூச்சு வாங்குவதும் தெளிவாக விழும். ஆனால் பாடகர் நம் மண்டைக்குள் உட்கார்ந்து பாடுகிறார். ஸ்பீக்கரில் கேட்கும்போது இடது பக்க ஒலி வலது காதுக்கும் போகிறது, சுவரில் பட்டும் திரும்புகிறது. ஹெட்போனில் இரண்டும் கிடையாது. அதனால்தான் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் எதிரே ஒருவர் பாடுகிற உணர்வு வருவதில்லை. ராத்திரி தனியாகக் கேட்கச் சரி.

புளூடூத் பெட்டியை மட்டமாகப் பேசுவது இப்போது ஃபேஷன். 2023இல் லோட்ஷெடிங் என்கிற மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது பேட்டரியில் பாடிக்கொண்டிருந்தது அதுதான். அதிலிருக்கிற சின்ன ஸ்பீக்கர் வட்டத்தால் மிருதங்கத்தின் இடது பக்கமான தொப்பியின் 'கும்' ஒலியை முழுசாக எழுப்ப முடியாது. ஆனாலும் நமக்குக் கேட்கிறது. அதோடு சேர்ந்து எழும் உயர்ந்த இணை ஒலிகளை வைத்து, இல்லாத அடிச்சுருதியை மூளையே போட்டுக்கொள்கிறது. 1925க்கு முந்தைய இசைத்தட்டுகளில் மைக்கே கிடையாது, புனலுக்குள் பாடிப் பதிந்தார்கள். அதைக் கேட்டும் ஜனங்கள் உருகினார்கள். ஒரே பெட்டி என்பதால் வயலினும் மிருதங்கமும் ஓர் இடத்தில் குவிந்துவிடும், அதுதான் குறை.

என் ஓட்டு சின்ன ஜோடி ஸ்பீக்கருக்கு. சோதிக்கத் தம்புராவைப் போடுங்கள். நாலு தந்தியும் கலந்து ரீங்காரமாக எழுந்தால் குரலும் சரியாக இருக்கும், அதற்கு மேல் நிஜம் தேவையில்லை. வெறும் கொசு இரைச்சலாக வந்தால் தாழ்ந்த ஒலி (பாஸ்) எவ்வளவு அதிர்ந்தும் பயனில்லை. ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து கொஞ்சம் தள்ளி, காது உயரத்தில் வையுங்கள். ஆயிரக்கணக்கான ராண்டுக்கு கேபிள் வாங்குவதைவிட, டைல்ஸ் தரையில் ஒரு கம்பளம் விரித்தால் எதிரொலி அடங்கும்.

அப்புறம், டிவிக்குக் கீழே வைக்கிற நீள ஸ்பீக்கரான சவுண்ட்பார். டிவியில் வசனம் புரிய நல்லது. பாட்டுக்கு வேண்டாம்.