ஹிலாரியா, ஒபாமாவா: 2008 பிரைமரியில் ஒரே கட்சி வாக்காளர்கள் பிரிந்து நின்ற இடங்கள்

அமெரிக்க அதிபர் தேர்தலுக்காக 2008 ஜனவரி 3 அன்று அயோவா மாநிலத்தில் தொடங்கிய ஜனநாயகக் கட்சியின் வேட்பாளர் தேர்வு ஜூன் 3 அன்று மொன்டானாவிலும் தெற்கு டகோட்டாவிலும்தான் முடிந்தது. மாநிலம் மாநிலமாக வாக்கெடுத்து, அதன்படி கட்சி மாநாட்டில் வாக்களிக்கும் பிரதிநிதிகளைப் பங்கிடுவார்கள்; பாதிக்கு மேல் பிடிப்பவரே வேட்பாளர். ஐந்து மாதம் மல்லுக்கட்டிய ஹிலாரி கிளிண்டன், பராக் ஒபாமா இரு தரப்பும் ஒரே கட்சி. ஈராக்கிலிருந்து படையைத் திரும்பப் பெறுவது, எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு, புஷ் கொடுத்த வரிச்சலுகையைப் பணக்காரர்களிடமிருந்து திரும்பப் பெறுவது என்று பெரிய விஷயங்களில் இருவரும் ஏறத்தாழ ஒன்றையே சொன்னார்கள். பிளவு வந்தது வேறு சில இடங்களில். அதைப் பெரிதாக்கியது தேர்தல் விதிகள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இரு தரப்பு வாக்காளர்களின் கோபம் புரியும்.

ஈராக்

2002 அக்டோபரில் போருக்கு அனுமதி தரும் தீர்மானம் செனட்டில் 77-23 என நிறைவேறியது. அன்று செனட்டராக இருந்த ஹிலாரி ஆதரித்து வாக்களித்தார். அதே மாதம், இல்லினாய் மாநில செனட்டராக இருந்த ஒபாமா சிகாகோவில் போரை எதிர்த்துப் பேசினார். ஒபாமா பக்கம் போனவர்களில் பலருக்கு இது ஒன்றே போதும்: முக்கியமான நேரத்தில் யார் சரியாக முடிவெடுத்தார் என்பதுதான் அவர்களுடைய கேள்வி. ஹிலாரி ஆதரவாளர்களின் பதில், அன்று ஒபாமா கையில் வாக்கே இல்லையே என்பது. 2005இல் அவர் செனட்டுக்கு வந்த பிறகு போர்ச் செலவுத் தீர்மானங்களில் இருவரும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வாக்களித்தார்கள் என்பதையும் அவர்கள் எடுத்துக்காட்டினார்கள். இரண்டும் உண்மை. ஆனால் 2002 வாக்கு தவறு என்று ஹிலாரி வெளிப்படையாகச் சொல்ல மறுத்தது அவருக்குப் பெரிய இழப்பு.

மருத்துவக் காப்பீடு

காப்பீடு எடுப்பதை எல்லோருக்கும் கட்டாயமாக்க வேண்டும் என்றார் ஹிலாரி. குழந்தைகளுக்கு மட்டும் கட்டாயம் போதும் என்றார் ஒபாமா. மக்கள் காப்பீடு எடுக்காததற்குக் காரணம் விலைதான், கட்ட முடியாதவனிடம் அபராதம் வாங்குவதில் என்ன நியாயம் என்பது ஒபாமா தரப்பின் வாதம். ஹிலாரி தரப்பு காப்பீட்டின் கணக்கைச் சொன்னது. நோயாளிக்கும் இடம் மறுக்கக்கூடாது என்று சட்டம் போட்டுவிட்டு, உடம்பு நன்றாக இருப்பவனை வெளியே இருக்கவிட்டால், அவன் நோய் வந்த பிறகுதான் வருவான். உள்ளே நோயாளிகள் மட்டும் மிஞ்ச, பிரீமியம் ஏறும். ஏறிய பிரீமியத்தைப் பார்த்து இன்னும் சிலர் விலகுவார்கள். இதில் ஹிலாரி வாக்காளர்கள் சொன்னதே சரி. 2010இல் ஒபாமா கையெழுத்திட்ட சட்டத்திலேயே அந்தக் கட்டாயம் இருந்தது.

பெட்ரோல் வரி விஷயத்தில் நிலைமை தலைகீழ். இந்தியானா, வட கரோலினா தேர்தலுக்குச் சற்று முன்பு, காலனுக்கு 18.4 சென்ட் மத்திய வரியைக் கோடைக்காலத்துக்கு மட்டும் நிறுத்தலாம் என்றார் ஹிலாரி. ஒபாமா மறுத்தார். 15 காலன் டாங்கை நிரப்பினால் மிச்சம் 2 டாலர் 76 சென்ட். கோடையில் சுத்திகரிப்பு ஆலைகள் ஏற்கெனவே முழுத் திறனில் ஓடும், வரத்தைக் கூட்ட முடியாது, எனவே வரி குறைந்த அளவுக்கு விலை ஏறி அந்தப் பணமும் எண்ணெய் நிறுவனங்களுக்கே போகும் என்பது பொருளாதாரம் தெரிந்தவர்கள் சொன்ன காரணம். நீண்ட தூரம் வண்டி ஓட்டி வேலைக்குப் போகிறவருக்கு அந்த 2 டாலர் 76 சென்ட் அற்பமாகப் படாது என்பதும் உண்மைதான். ஆனாலும் ஒபாமா சொன்ன பொருளாதாரமே நின்றது.

யார் எந்தப் பக்கம்

65 வயதைத் தாண்டியவர்கள், வெள்ளைப் பெண்கள், கல்லூரிப் பட்டம் இல்லாத வெள்ளைத் தொழிலாளர்கள், லத்தீன் மக்கள் என்று ஹிலாரியின் பலம் இருந்தது. இளைஞர்கள், கறுப்பின மக்கள், பட்டதாரிகள் ஒபாமா பக்கம். கறுப்பின மக்கள் ஆரம்பத்திலேயே மொத்தமாக ஒபாமாவிடம் போய்விடவில்லை. கிளிண்டன் குடும்பத்தோடு அவர்களுக்கு நெடுநாள் உறவு. வெள்ளையர்கள் இவருக்கு வாக்களிப்பார்களா என்ற சந்தேகமும் இருந்தது. தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் வெள்ளையர்கள் வாழும் அயோவாவில் ஒபாமா ஜெயித்ததும் அந்தச் சந்தேகம் தீர்ந்தது. ஜனவரி 26 அன்று தெற்கு கரோலினாவில் 55-27 என்று வென்றார். மறுபுறம், மேற்கு வர்ஜீனியா மே 13 அன்று 67-26 என ஹிலாரிக்குக் கொடுத்தது. ஒபாமா வேட்பாளராவது ஏறக்குறைய உறுதியாகிவிட்ட பிறகு வந்த முடிவு அது.

காக்கஸும் வாக்குச்சாவடியும்

இரு தரப்புக்கும் இடையே ஆறாத புண் இதுதான். பிரைமரி என்றால் நமக்குத் தெரிந்த தேர்தல் போலத்தான்: காலை முதல் மாலை வரை எப்போது வேண்டுமானாலும் போகலாம், ரகசிய வாக்கு, தபால் வாக்கும் உண்டு. காக்கஸ் வேறு. 2008இல் அயோவாவில் நடந்த முறை இது: இரவு 7 மணிக்குப் பள்ளிக்கூடத்திலோ தேவாலயத்திலோ இருக்க வேண்டும். யாருக்கு ஆதரவோ அந்த மூலையில் போய் எல்லோர் கண் முன்னும் நிற்க வேண்டும். தலையை எண்ணுவார்கள். பெரும்பாலான இடங்களில் 15 சதவீதம் இல்லாத குழு கலைய வேண்டும். 200 பேர் வந்த இடத்தில் 30 பேர் தேவை, 28 பேர் இருந்தால் அவர்கள் வேறு மூலைக்குப் போகலாம், இரண்டு பேரைத் தங்கள் பக்கம் இழுக்கலாம், அல்லது வீட்டுக்குப் போகலாம். மொத்தமும் இரண்டு மணி நேரம் வரை இழுக்கும். அன்று தபால் வாக்கு கிடையாது.

இரவு ஷிப்ட் நர்ஸ், கைக்குழந்தைக்காரி, படியேற முடியாத பாட்டி வரமுடியாது. இவர்கள் ஹிலாரியின் ஆட்கள். மாணவர்களும் தொண்டர்களும் வருவார்கள். அவர்கள் ஒபாமாவின் ஆட்கள். காக்கஸ் என்பது கட்சியைக் கட்டும் வேலை, இரண்டு மணி நேரம் ஒதுக்குகிறவர்தான் நவம்பரில் வீடு வீடாகப் போவார் என்று ஒபாமா தரப்பு வாதாடியது. அந்த வாதத்தில் உயிர் உண்டு. ஆனால் வாஷிங்டன் மாநிலத்தைப் பாருங்கள். பிப்ரவரி 9 காக்கஸில் ஒபாமா 68-31. பத்து நாள் கழித்து அதே மாநிலத்தில், பிரதிநிதி ஒதுக்காத பிரைமரியில் 51-46. நெப்ராஸ்காவிலும் அப்படியே: காக்கஸில் 68-32, மே மாதம் பெயரளவுக்கு நடந்த பிரைமரியில் 49-47. டெக்சாஸ் மார்ச் 4 அன்று ஒரே நாளில் இரண்டையும் நடத்தியது. பகலில் நடந்த பிரைமரியில் ஹிலாரி 51-47, இரவு காக்கஸில் ஒபாமா 56-44. கூட்டினால் பிரதிநிதிகள் ஒபாமாவுக்கு 99, ஹிலாரிக்கு 94. காக்கஸ் பற்றி ஹிலாரி வாக்காளர்கள் சொன்ன குறை நியாயமானது.

நான்கு இடத் தொகுதியின் கணக்கு

ஜனநாயகக் கட்சியில் ஒரு மாநிலத்தை ஜெயித்தவருக்கே எல்லாம் என்ற பேச்சு இல்லை. 15 சதவீதம் தாண்டியவர்களுக்கு விகிதப்படி பங்கு, அதிலும் பெரும்பகுதி தொகுதிவாரியாக. நான்கு பிரதிநிதிகள் உள்ள தொகுதியில் இருவர் மட்டும் போட்டியென்றால், மூன்றாவது பிரதிநிதியையும் பிடிக்க 62.5 சதவீதம் வேண்டும். 60-40 என்று ஜெயித்தாலும் கிடைப்பது 2-2. மூன்று இடத் தொகுதியில் 51 சதவீதமே 2-1 தரும். நெவாடாவில் ஒட்டுமொத்தமாக ஹிலாரி ஜெயித்தும், ஒபாமாவுக்கு 13, ஹிலாரிக்கு 12 வந்தது இதனால்தான்.

பல மாநிலங்கள் ஒரே நாளில் வாக்களித்த பிப்ரவரி 5 சூப்பர் செவ்வாயில் நியூ ஜெர்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஹிலாரி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். பிரதிநிதிகள் 59-48, லாபம் 11. அதே நாள் ஐடஹோ காக்கஸில் மொத்தம் வந்தவர்கள் ஏறக்குறைய 21,000 பேர். ஒபாமாவுக்கு 15, ஹிலாரிக்கு 3, லாபம் 12. சின்ன மாநிலம் என்று ஹிலாரி முகாம் கைவிட்ட இடங்களில் ஒபாமா முகாம் அலுவலகம் திறந்து ஆள் சேர்த்தது. விதியைப் படித்து வேலை செய்ததற்குக் கிடைத்த பலன் அது, இதை ஏமாற்று என்று சொன்ன ஹிலாரி ஆதரவாளர்களோடு ஒத்துப்போக முடியவில்லை. மாறாக, குடியரசுக் கட்சியில் ஜெயித்தவருக்கே எல்லாம் என்ற விதியால், புளோரிடாவில் 36 சதவீதம் வாங்கிய மெக்கெய்னுக்கு 57 பிரதிநிதிகளும் மொத்தமாகப் போனார்கள். அந்தப் போட்டி மார்ச் 4இலேயே முடிந்துவிட்டது.

புளோரிடாவும் மிச்சிகனும்

இரண்டு மாநிலங்களும் அனுமதித்த தேதிக்கு முன்பே தேர்தல் நடத்தியதால், கட்சி அவற்றின் பிரதிநிதிகளை ரத்து செய்தது. மிச்சிகனில் ஒபாமா தன் பெயரை வாக்குச்சீட்டிலிருந்து எடுத்துவிட்டார். ஹிலாரிக்கு 55 சதவீதம், ‘யாருக்கும் உறுதியில்லை’ என்பதற்கு 40. மொத்த வாக்குகளில் நாங்களே முன்னிலை என்று ஹிலாரி தரப்பு சொன்ன கணக்கு மிச்சிகனைச் சேர்த்தால்தான் நிற்கும். அதோடு அயோவா, நெவாடா, மெய்ன், வாஷிங்டன் காக்கஸ்கள் தலைக்கணக்கையே வெளியிடவில்லை. எதிராளியின் பெயரே இல்லாத சீட்டை அளவுகோலாக்குவது சரியல்ல. புளோரிடா வேறு விஷயம். எல்லாப் பெயர்களும் சீட்டில் இருந்தன, 17 லட்சம் பேர் வாக்களித்தார்கள், தேதியை மாற்றிய சட்டமன்றம் குடியரசுக் கட்சியின் கையில் இருந்தது. அந்த வாக்காளரைத் தண்டித்ததில் நியாயம் இல்லை.

மே 31 அன்று கட்சியின் விதிக்குழு இரு மாநிலப் பிரதிநிதிகளுக்கும் ஆளுக்கு அரை வாக்கு கொடுத்தது. மிச்சிகனை 69-59 என்று பிரித்தது. ஹிலாரி தரப்பு கேட்டது 73-55. நான்கு பிரதிநிதிகள், அதாவது இரண்டே வாக்குகள். வெற்றிக்குத் தேவையான எண்ணிக்கை 2,118 ஆனது. தேர்தலில் கிடைத்த பிரதிநிதிகளை மட்டும் வைத்து இருவருமே அதை எட்ட முடியாது. கட்சிப் பொறுப்பாளர்களும் எம்பிக்களும் அடங்கிய, யாருக்கு வேண்டுமானாலும் வாக்களிக்கக்கூடிய சூப்பர் டெலிகேட்டுகள் ஜூன் 3 அன்று ஒபாமாவை அந்தக் கோட்டைத் தாண்டவைத்தார்கள்.

சூப்பர் டெலிகேட்டுகளுக்கு முதல் சுற்றில் வாக்கு இல்லை என்று கட்சி 2018இல் விதியை மாற்றியது. வாஷிங்டன், மினசோட்டா, கொலராடோ, ஐடஹோ எல்லாம் காக்கஸை விட்டு 2020இல் பிரைமரிக்கு வந்தன. ஐடஹோவில் அந்த ஆண்டு வாக்களித்த ஜனநாயகக் கட்சியினர் ஒரு லட்சத்துக்கும் மேல்.