"கையை விட்டுப் பார்த்தா கன்று கலைஞ்சிரும்" என்று சொல்லி மாடு விற்பவர்களிடம் கவனம்

மட்டக்களப்புப் பக்கம் சினை மாடு வாங்க இருப்பவர்கள் பணம் கொடுக்க முன் இதை வாசியுங்கள்.

கிரான் பக்கத்தில் ஒரு தரகர் மூலம் ஜேர்சிக் கலப்புப் பசு ஒன்று வாங்கினேன். 180,000 ரூபாய். ஐந்து மாதச் சினை என்றார். மிருக வைத்தியரைக் கூட்டி வந்து சினை பார்ப்போமா என்று கேட்டேன். "வேணாம் தம்பி, கையை விட்டுப் பார்த்தா கன்று கலைஞ்சிரும், பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது" என்றார். எங்கள் அப்பாவும் அப்படித்தான் சொல்லுவார். நம்பிவிட்டேன்.

ஆறாவது கிழமை, விடியப் பட்டிக்குள் போனால் கன்று செத்துக் கிடக்கிறது. வாயோரத்திலும் கண்ணைச் சுற்றியும் மட்டும் மயிர், மற்ற உடம்பெல்லாம் வழுவழுவென்று. தாய் அதை நக்கிக்கொண்டு நின்றது. இளங்கொடி விழாமல் தொங்கியது. என் இரண்டு நாகுகளும் அந்த இடத்தை மணந்துகொண்டு நின்றன. நான் வெறுங்கையால் தூக்கிப் புதைத்தேன்.

தரகருக்கு அழைத்தால், "யாரும் கை விட்டுப் பார்த்திருப்பாங்க" என்கிறார். என் வீட்டில் யாரும் பார்க்கவேயில்லை!

அப்புறம்தான் அரச மிருக வைத்தியரிடம் போனேன். மாட்டின் இரத்தம் எடுத்தார். புருசெல்லோசிஸ், மாடுகளைக் குறைமாதத்தில் கன்று போடவைக்கும் ஒரு தொற்று நோய். விசாரித்துப் பார்த்தால், மாடு முன்பு நின்ற பட்டியில் அந்த வருடம் மூன்று மாடுகள் குறைமாதத்தில் கன்று போட்டிருக்கின்றன. அதனால்தான் கழித்து விற்றிருக்கிறார்கள்.

வைத்தியர் சொன்னது இது. கை போவது கருப்பைக்குள் அல்ல, மலக்குடலுக்குள். குடல் சுவருக்கு மேலால்தான் கருப்பையைத் தடவிப் பார்க்கிறார்கள். இரண்டு மாதத்துக்குப் பிறகு, படித்த கை, கையுறையோடு பார்த்தால் பயமில்லை. முப்பது, முப்பத்தைந்து நாளில் பழக்கமில்லாதவர் கருப்பையை நசுக்கினால்தான் ஆபத்து. அந்த இளம் பருவத்தில் யாரும் தொடாமலே கலைவதும் சாதாரணம். பழி மட்டும் கடைசியாகப் பார்த்த கைக்கு. ஐந்து மாதம் தாண்டிக் கலைந்தால் முதலில் நோயைச் சந்தேகித்து இரத்தம் எடுக்கச் சொன்னார்.

இது மனிதருக்கும் தொற்றும். விழுந்த கன்றையும் இளங்கொடியையும் வெறுங்கையால் தொடாதீர்கள், சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள், பாலைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள். விட்டு விட்டுக் காய்ச்சலும் மூட்டு வலியும் வந்தால், மாடு குறைமாதத்தில் கன்று போட்ட கதையையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

அந்தத் தரகர் இப்போதும் அதே வசனத்தைச் சொல்லித்தான் மாடு காட்டுகிறார். சோதிக்க விடமாட்டேன் என்று யார் சொன்னாலும் அந்த மாட்டை விட்டுவிட்டு வாருங்கள். என் நாகுகள் இரண்டுக்கும் அடுத்த மாதம் மறுபடி இரத்தம் எடுக்கிறார்கள்.